முடிசூட்டைத் தள்ளிவைத்த குடல்வால்

ரொறன்ரோ குயின்ஸ் பார்க்குக்கு ஒருமுறையாவது போகாத தமிழர் இங்கே குறைவு. கவனயீர்ப்பு, ஊர்வலம், பிள்ளையின் பள்ளிச் சுற்றுலா என்று ஏதோ ஒரு சாட்டில் போயிருப்போம். சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால், வடக்குப் புல்வெளியில் பெரிய வெண்கலக் குதிரை ஒன்று நிற்கும். அதன்மேல் தாடி வைத்த ஒரு கனத்த மனிதர் இருப்பார். பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் அந்தக் குதிரைக்கு அவ்வப்போது பெயின்ற் அடித்து விளையாடுவதால் குதிரைக்குக் கிடைத்த புகழ் ஆளுக்குக் கிடைக்கவில்லை. ஆள் யாரென்று கேட்டால் பலருக்கும் தெரியாது.

அவர் ஏழாம் எட்வேர்ட். 1901 முதல் 1910 வரை பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அரசராக இருந்தவர். எங்கள் பூட்டன்மாரின் ராசா என்றும் சொல்லலாம். சிலையும் இந்த ஊருக்காகச் செய்ததல்ல. தோமஸ் புரொக் என்ற சிற்பி செய்த அந்தச் சிலை பழைய டெல்லியில் எட்வேர்ட் பூங்காவில் நின்றது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார ராசாக்களின் சிலைகளை அங்கே அகற்றத் தொடங்கினார்கள். இதை ரொறன்ரோக்காரர் ஒருவர் தன் செலவில் கப்பலேற்றி 1969இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார். டெல்லியில் அந்தப் பூங்காவுக்கு இப்போது நேதாஜியின் பெயர். ஆகவே இவரும் எங்களைப் போலத் தெற்காசியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்தான். ஒரே வித்தியாசம், இவருக்கு ஸ்பொன்சர் கிடைத்தது சுகமாக.

இவரைப்பற்றி இன்று எழுதுவதற்குக் காரணம் அரசியல் இல்லை. வயிறு. உலகத்திலேயே மிகப் பிரபலமான அப்பெண்டிசைட்டிஸ் நோயாளி இவர்தான்.

1841 நவம்பர் 9இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் பிறந்தார். விக்டோரியா மகாராணியின் மூத்த மகன். அல்பேர்ட் எட்வேர்ட் என்று பெயர் வைத்து, வீட்டில் பேர்ட்டி என்று கூப்பிட்டார்கள். தகப்பன் அல்பேர்ட் இளவரசர் ஒழுங்கு, கட்டுப்பாடு என்று வாழ்ந்தவர். மகனையும் அப்படியே செதுக்கப் பார்த்தார். காலை முதல் இரவு வரை பாடம், ஆசிரியர்கள், கண்காணிப்பு. விளையாட்டுத் தோழர்கள் கிட்டத்தட்ட இல்லை. பேர்ட்டிக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் ஆக்களோடு பழகுவதில் கெட்டிக்காரன். எங்கடை பெற்றோர் பலருக்கும் இந்தக் கதை விளங்கும். டொக்டராக்கப் பார்த்த பிள்ளை விருந்துக்கு ஆள்கூட்டுவதில் விண்ணனாக வந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் விக்டோரியாவுக்கு இருந்தது.

18 வயதில் கனடாவுக்கு அனுப்பினார்கள். 1860 கோடையில் நியூபவுண்ட்லாந்தில் இறங்கி, ஹலிபக்ஸ், கியூபெக், மொன்றியல் வழியாக வந்து, ஒட்டாவாவில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். கிங்ஸ்ரனில் ஒரேஞ்ச் சங்கத்துக்காரர் கட்டிய வளைவை அகற்ற மறுத்ததால் கப்பலைவிட்டு இறங்காமலே போய்விட்டார். செப்டெம்பர் 7இல் ரொறன்ரோ வந்தார். செப்டெம்பர் 11ஆம் திகதி அவர் திறந்துவைத்ததுதான் குயின்ஸ் பார்க், தாயின் பெயரில். அதாவது சிலையாகத் திரும்பி வந்து நிற்கிற பூங்காவை 109 வருடங்களுக்கு முன்னர் அவரே நேரில் திறந்திருக்கிறார். (ப்ளோர் வீதிப் பாலத்துக்கு இவருடைய பெயர் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பேரனின் பெயர்.) இந்தப் பயணம் அவருக்குப் பெரிய வெற்றி. வாழ்க்கையில் முதன்முறையாக ஆட்கள் தன்னைப் பார்த்துச் சந்தோசப்படுகிறார்கள் என்பதை அவர் கண்டது இங்கேதான்.

அடுத்த வருடமே எல்லாம் மாறியது. இளவரசருக்கு ஒரு நடிகையோடு தொடர்பு என்று செய்தி வந்தது. தகப்பன் உடம்பு சரியில்லாத நிலையில் கேம்பிரிட்ஜுக்குப் போய் மகனைக் கண்டித்துவிட்டுத் திரும்பி, சில வாரங்களில், 1861 டிசம்பர் 14இல் இறந்துபோனார். தைபோயிட் என்றார்கள் வைத்தியர்கள். மகனால்தான் புருசன் செத்தார் என்று விக்டோரியா நம்பினார். அதற்குப் பிறகு நாற்பது வருடங்கள் அவர் உயிரோடு இருந்தார். அந்த நாற்பது வருடங்களில் பெரும்பகுதி மகனுக்கு உருப்படியான அரச வேலை ஒன்றும் கொடுக்கவில்லை, முக்கிய பத்திரங்களைக் காட்டவும் இல்லை. 1863இல் டென்மார்க் இளவரசி அலெக்சாந்திராவைக் கட்டிவைத்தார்கள். நாடா வெட்டுவது, கல் நாட்டுவது, விருந்துக்குப் போவது, இவ்வளவுதான் அவருடைய உத்தியோகம்.

ஒரு மனிதனுக்கு வேலை கொடுக்காமல் சாப்பாட்டை மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

1871இல் அவரும் சாகக் கிடந்தார். அதே தைபோயிட். பிடித்த இடம் எது தெரியுமா? ஸ்காபரோ. எங்கடை ஸ்காபரோ அல்ல, அதற்குப் பெயர் கொடுத்த இங்கிலாந்து ஸ்காபரோ. அங்கே ஒரு பிரபு வீட்டில் விருந்தாளியாகத் தங்கியபோது வந்தது. கூடத் தங்கியிருந்த இன்னொரு பிரபு இறந்துவிட்டார், இளவரசரின் குதிரைக்காரப் பையனும் இறந்தான். தகப்பன் இறந்த அதே டிசம்பர் 14 நெருங்க, மகனும் போய்விடுவார் என்று நாடே காத்திருந்தது. பிழைத்துக்கொண்டார். அந்தக் காலத்து மாளிகைகளில் தங்கப் பாத்திரம் இருந்தது, ஒழுங்கான கழிவுநீர்க் குழாய் இருக்கவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

1875இல் எங்கள் பக்கம் வந்தார். நவம்பரில் பம்பாயில் இறங்கி, டிசம்பர் தொடக்கத்தில் கொழும்பு. கண்டிக்குப் போய், யானை வேட்டைக்கும் போய், டிசம்பர் 8இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புக்கு முதல் கல் வைத்தார். பிறகு தூத்துக்குடி, மதுரை, திருச்சி, சென்னை. இந்தியாவில் வெள்ளை அதிகாரிகள் உள்ளூர் ஆக்களை நடத்துகிற விதத்தைக் கண்டு கோபப்பட்டு, நிறத்தையும் மதத்தையும் வைத்து மனிதரை இழிவாக நடத்தக்கூடாது என்று லண்டனுக்கு எழுதினார். அந்தக் காலத்து அரச குடும்பத்தில் அப்படி எழுதுவது சின்ன விசயம் அல்ல. அதற்காக அவரைத் தலையில் தூக்கிவைக்கவும் தேவையில்லை. அந்த அதிகாரிகள் யாருடைய பெயரில் ஆண்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம்.

அவருடைய ஒருநாள் சாப்பாட்டைப்பற்றி எழுதியவர்கள் அதிகம். காலையில் மீன், முட்டை, பேக்கன், கோழி. மத்தியானம் பல வகைகளோடு ஒரு பெரிய சாப்பாடு. பின்னேரத் தேநீருக்கு லொப்ஸ்ரர் சலாட். இரவு பத்துப் பன்னிரண்டு வகை பரிமாறும் விருந்து. படுக்கப்போகும் முன் ஒரு சின்னச் சாப்பாடு, அதற்கும் மேலாகக் கட்டில் பக்கத்தில் குளிர்ந்த கோழி ஒன்று, இரவில் பசித்தால் கடிக்க. குடி மட்டும் மட்டு. ஆனால் நாளுக்கு இருபது சிகரெட், பன்னிரண்டு சுருட்டு. முடிசூட்டுக் காலத்தில் இடுப்பளவு 48 அங்குலம். சென்ரிமீற்றரில் 122. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம் தேவை என்று இன்று வைத்தியர்கள் அளவு வைத்திருக்கிறார்கள், பெண்களுக்கு 80. எங்கடை மண்டப விருந்துகளில் கோட் பொத்தான் பூட்டமுடியாமல் நிற்கிற மாமாமாரை நினைத்துப் பாருங்கள். கோட்டுக்குள் போடுகிற வெயிஸ்கோட்டின் கடைசிப் பொத்தானைப் பூட்டாமல் விடுகிற நாகரிகமே இவருடைய வயிற்றால்தான் வந்தது என்பார்கள். நெருங்கிய நண்பர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயரும் வயிற்றைப்பற்றியதுதான்.

1901 ஜனவரி 22இல் விக்டோரியா இறக்க, 59 வயதில் ராசாவானார். துக்கம் முடிந்து, முடிசூட்டுக்கு 1902 ஜூன் 26 என்று நாள் குறித்தார்கள். உலகத்தின் அரச குடும்பங்கள் எல்லாம் லண்டனுக்கு வரத் தொடங்கின. கனடாப் பிரதமர் வில்ஃபிரெட் லோரியேயும் கப்பலேறினார். தெருவெல்லாம் மேடை, தோரணம். அரண்மனைச் சமையலறையில் ஆயிரக்கணக்கில் காடைகள்.

ஜூன் 14, அல்டர்ஷொட்டில் இராணுவ அணிவகுப்பைப் பார்க்கப் போன இடத்தில் ராசாவுக்கு வயிற்றுக்குத்து. இரவோடிரவாக வைத்தியரைக் கூப்பிட்டார்கள். வெளியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? இடுப்புப் பிடிப்பு என்று. வண்டியில் விண்ட்சருக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் வயிற்றின் வலப்பக்கம் கீழே வீக்கம், காய்ச்சல். சத்திரசிகிச்சை நிபுணர் பிரெடரிக் ட்ரீவ்ஸை அழைத்தார்கள். பிறகு வீக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. சரி, சமாளிக்கலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ராசா நினைத்ததைக் கேட்கத் தேவையில்லை. ஆறு தசாப்தம் காத்திருந்த மனிதர். திங்கட்கிழமை 23ஆம் திகதி ரயிலில் லண்டன் வந்து, சனக்கூட்டத்துக்குக் கைகாட்டிக்கொண்டு அரண்மனைக்குப் போனார். இரவு காய்ச்சல் ஏறியது.

இந்த இடத்தில் நோயைப்பற்றி ஒரு வார்த்தை. சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் தொங்குகிற, விரலளவு குழாய்தான் குடல்வால். ஒருபக்கம் மூடியது. வாய் அடைபட்டால் உள்ளே கிருமி பெருகும், வீங்கும், சீழ் பிடிக்கும், கடைசியில் வெடிக்கும். சீழ் வயிறு முழுக்கப் பரவினால் உயிருக்கு ஆபத்து. 1886இல் அமெரிக்க வைத்தியர் ரெஜினோல்ட் ஃபிட்ஸ் அதற்கு அப்பெண்டிசைட்டிஸ் என்று பெயர் வைத்து, வெட்டி எடுப்பதே வழி என்று வாதிட்டார். அதற்கும் மூன்று வருடங்களுக்கு முன்னரே, 1883இல், ரொறன்ரோவிலிருந்து நூறு கிலோமீற்றர் போல் தள்ளியிருக்கும் ஃபேர்கஸ் என்ற சின்ன ஊரில், ஏப்ரஹாம் குரோவ்ஸ் என்ற நாட்டுப்புற வைத்தியர் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் குடல்வாலை வெட்டி எடுத்திருக்கிறார். ரொறன்ரோவில் படித்தவர். இந்தக் கண்டத்தில் அதுவே முதல் என்று பலர் சொல்வார்கள். அவர் அதை உடனே வைத்திய இதழ்களில் எழுதாததால் பெயர் வேறு ஆக்களுக்குப் போயிற்று. கனடாக்காரருக்கு இது பழக்கப்பட்ட விசயம்தான்.

இவ்வளவும் நடந்திருந்தும் 1902இல் இங்கிலாந்தில் பலர் கத்தி வைக்கத் தயங்கினார்கள். ட்ரீவ்ஸ் இந்தத் துறையில் நாட்டின் முதல் ஆள். 1888இலேயே குடல்வாலில் சத்திரசிகிச்சை செய்தவர். ஆனால் நோய் உச்சத்தில் இருக்கும்போது உடனே வெட்டாமல் பொறுத்திருந்து பார்ப்பது நல்லது என்பது அவருடைய கட்சி. 1900இல் அவருடைய சின்ன மகள் ஹெட்டி, 18 வயது, இதே நோயில் இறந்துபோனாள். இரண்டு வருடத்துக்குள், அதே நோயோடு ராசா முன்னால் படுத்திருக்கிறார். ட்ரீவ்ஸ் என்ன நினைத்திருப்பார் என்று நான் ஊகித்து எழுதப்போவதில்லை. என்ன செய்தார் என்பது போதும். முடிசூட்டுக்குப் போயே தீருவேன் என்று ராசா அடம்பிடித்தார். போனால் பிணமாகத்தான் போவீர்கள் என்று ட்ரீவ்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒரு பேரரசரிடம் அப்படிச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவு அவருக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ஜூன் 24, செவ்வாய்க்கிழமை, நடுப்பகல் தாண்டி அரை மணி. அரண்மனையில் தோட்டத்தைப் பார்த்த ஓர் அறையில் மேசை போட்டார்கள். மயக்கம் கொடுத்தவர் பிரெடரிக் ஹெவிற். பக்கத்தில் வயோதிபரான லிஸ்டர் பிரபு, கிருமியழிப்புச் சத்திரசிகிச்சையின் தந்தை, ஆலோசகர். அறுபது வயது, புகையில் ஊறிய நெஞ்சு, 48 அங்குல இடுப்பு. இந்த மூன்றும் சேர்ந்த ஆளுக்கு மயக்கம் கொடுப்பதே கண்டம். கொழுப்பைத் தாண்டித் தாண்டி ஆழமாக வெட்டிப்போன பிறகுதான் சீழ்க்கட்டி அகப்பட்டது. சீழை வடியவிட்டு, குழாய் வைத்துக் கட்டினார்கள். நாற்பது நிமிடம். குடல்வாலை எடுக்கவில்லை, அதைத் தேடி நோண்டாமல் விட்டதே உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். மயக்கம் தெளிந்ததும் ராசா தேடியது மகன் ஜோர்ஜை. அடுத்த நாள் கட்டிலில் எழும்பி இருந்து சுருட்டுப் பற்றவைத்தார். இந்த மனிதரை என்ன செய்வது.

முடிசூட்டு தள்ளிப்போட்ட செய்தி கேட்டு லண்டன் அதிர்ந்துபோனது. வந்த விருந்தாளிகளில் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். சமைத்த விருந்தை என்ன செய்வது? கிழக்கு லண்டன் ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். ராசாக்களுக்காகச் செய்த காடையும் மீனும் வைட்சப்பல் தெருக்களில் போய்ச் சேர்ந்தன. ஜூலை 5இல் லண்டனின் ஐந்து லட்சம் ஏழைகளுக்கு ராசா வைப்பதாக இருந்த சாப்பாடு, ராசா இல்லாமலே நடந்தது. அவர் கடலில் கப்பலில் இருந்து உடம்பு தேறி, ஆகஸ்ட் 9இல் முடிசூடினார். வைத்தியர்களுக்குப் பட்டம் கிடைத்தது. அப்பெண்டிசைட்டிஸ் என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லானது. ராசாவே படுத்த மேசையில் நாங்களும் படுக்கலாம் என்று சனத்துக்குத் தைரியம் வந்தது. எத்தனையோ பேரின் உயிரைக் காப்பாற்றியது அந்தத் தைரியம்தான் என்பது என் எண்ணம். 1903இல் ரொறன்ரோவின் கிங் வீதியில் திறந்த பெரிய ஹொட்டலுக்கும் அவருடைய பெயரையே வைத்தார்கள்.

அப்படியென்றால் தின்றுதான் ராசாவுக்கு குடல்வால் வீங்கியதா? வட்ஸப்பில் யாராவது ஆம் என்று அனுப்பினால் நம்பாதீர்கள். உடல் பருமன் குடல்வால் அழற்சியைக் கொண்டுவரும் என்று நிரூபணமாகவில்லை. ஒல்லியான பத்து முதல் முப்பது வயதுக்காரருக்குத்தான் அது அதிகம் வருகிறது. ஆனால் வந்த பிறகு பருமன் எதிரியாகிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்து இடம் பிடிப்பது கஷ்டம், அல்ட்ராசவுண்டில் சரியாகத் தெரியாது, மயக்க மருந்தில் ஆபத்துக் கூட, வெட்டிய காயம் பழுதாவதும் கூட. 1902இல் அந்த மேசையில் நடந்த அதே பிரச்சினை. இப்போது சின்னத் துளைகள் போட்டுக் கமராவால் செய்கிற முறை இருப்பதால் பருத்த உடம்புக்காரருக்குப் பெரிய நிம்மதி.

சாப்பாட்டின் கதை வேறு, அது சுவாரசியமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உருளை ஆலைகள் வந்து, தவிடு நீக்கிய வெள்ளை மா மலிவாகியது. அதே காலத்தில்தான் பிரித்தானியாவில் குடல்வால் அழற்சி மளமளவென்று கூடியது. 1920இல் பிரிஸ்ரல் நகர வைத்தியர் ரென்டில் ஷோர்ட், சாப்பாட்டில் நார் குறைந்ததே காரணம் என்று எழுதினார். ஐம்பது வருடம் கழித்து, உகண்டாவில் நெடுங்காலம் வேலை செய்த ஐரிஷ் சத்திரசிகிச்சை நிபுணர் டெனிஸ் பர்கிற் அதையே பெரிதாக எடுத்துச் சொன்னார். நார் நிறையச் சாப்பிடுகிற ஆபிரிக்கக் கிராமங்களில் இந்த நோயைக் காண்பதே அரிது, நகரத்துக்கு வந்து வெள்ளை மா தின்னத் தொடங்கியவர்களிடம் வருகிறது என்றார். நார் இல்லாவிட்டால் மலம் இறுகி, சின்னக் கல்போலாகி, குடல்வாலின் வாயை அடைக்கும் என்பது விளக்கம். கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் 1980களில் டேவிட் பார்க்கர் என்ற இங்கிலாந்து ஆய்வாளர் வேறு கோணத்தில் பார்த்தார். குழாய்த் தண்ணீர், சுகாதாரம் வந்த காலத்தில் பிள்ளைகள் சின்ன வயதில் கிருமிகளைச் சந்திப்பது குறைந்து, பிறகு சந்திக்கும்போது குடல்வால் மிகையாக வீங்கியிருக்கலாம் என்றார். மாளிகையின் கழிவுநீர்க் குழாயை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? தைபோயிட்டைக் கொடுத்த அழுக்கு போக, குடல்வால் நோய் வந்தது என்பது அந்த வாதம். அவரும் பச்சைக் காய்கறி அதிகம் சாப்பிடுகிற இடங்களில் நோய் குறைவாக இருந்ததைக் கண்டார். முடிவான பதில் இன்னும் இல்லை. மேற்கு நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நோய் குறைந்து, புதிதாகத் தொழில்மயமாகும் நாடுகளில் கூடிவருகிறது என்பது மட்டும் உண்மை.

எங்களுக்கு இதில் என்ன? குரக்கன், தவிட்டரிசி, ஒடியல், முருங்கையிலை, வாழைப்பொத்தி என்று நாருக்குப் பஞ்சமில்லாத சமையலறையிலிருந்து வந்தவர்கள் நாங்கள். இங்கே வந்து பாணும், ரோல்ஸும், கொத்து ரொட்டியும், வேலைக்குப் போகும் வழியில் டிம் ஹோர்ட்டன்ஸும் என்றாகிவிட்டது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குரக்கன் புட்டு என்றால் தாத்தா பாட்டி வீட்டுப் பண்டம். குடல்வாலுக்கு நார் உதவுமோ இல்லையோ, சர்க்கரை வியாதிக்கும் இருதயத்துக்கும் மலச்சிக்கலுக்கும் உதவும் என்பதில் சந்தேகமில்லை. உணவுகளை இரத்தச் சர்க்கரை ஏற்றும் வேகத்தால் அளக்கிற கிளைசிமிக் குறியீட்டை 1981இல் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வெளியிட்டது இதே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலிருந்து. எட்வேர்ட்டின் சிலையிலிருந்து நடந்துபோகிற தூரம்.

எனக்குப் பெரிய கவலை சாப்பாடு அல்ல, பொறுத்துப் பார்க்கிற பழக்கம். எனக்குத் தெரிந்த ஒருவர், மார்க்கத்தில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. வயிற்றுக்குத்து வந்ததும் வாய்வு என்று ஓமத்தண்ணி குடித்தார். அடுத்த நாள் இஞ்சி. மூன்றாம் நாள் வலி திடீரென்று குறைந்தது, சந்தோசமாக வேலைக்குப் போனார். உண்மையில் குடல்வால் வெடித்ததால்தான் வலி குறைந்திருக்கிறது. இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய தாய் இப்பவும், சாப்பிட்ட உடனே ஓடித் திரிந்ததால்தான் வந்தது என்று சொல்கிறார். சாப்பிட்டு ஓடினால் வரும், கொய்யா விதை விழுங்கினால் வரும் என்று ஊரில் எல்லா அம்மாமாரும் வெருட்டியதுதான். ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விதை போய் அடைப்பதும் மிக மிக அரிது. ஆனால் பேதி மருந்து கொடுக்கிற பழைய வழக்கம் உண்மையிலேயே ஆபத்தானது, வீங்கிய குடல்வாலை அது வெடிக்கவைக்கலாம். தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்குகிற வலி, சாப்பாடு பிடிக்காமை, சத்தி, காய்ச்சல். இவை வந்தால் நேரே எமர்ஜென்சி. ஷிஃப்ற் போனால் போகட்டும். முடிசூட்டே தள்ளிப்போனது. இன்று வேளைக்கே போனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு வரலாம், வெடிக்காத சிலருக்கு வெட்டாமல் அன்ரிபயோட்டிக்கோடும் சமாளிக்கிறார்கள். வயதானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பருத்த உடம்புக்காரருக்கும் வலி புத்தகத்தில் உள்ளமாதிரி வராது. அவர்கள் இன்னும் கவனம்.

ராசா திருந்தினாரா? கொஞ்சம் முயற்சி செய்தார். 1903 முதல் ஒவ்வொரு கோடையும் பொஹீமியாவில் மரியன்பாட் என்ற ஊற்றுத் தண்ணீர் ஊருக்குப் போய், சில கிழமை நடந்து, உப்புத் தண்ணீர் குடித்து, சாப்பாட்டைக் குறைத்து, சில இறாத்தல் இறக்கிக்கொண்டு வருவார். வந்ததும் பழையபடி ஏறிவிடும். சண்ட்றிங்ஹாம் மாளிகையில் விருந்தாளிகள் வரும்போதும் போகும்போதும் தராசில் ஏற்றி நிறுக்கிற வழக்கம் இவர் தொடங்கியது என்பார்கள். நன்றாகச் சாப்பிட்டார்களா என்று பார்க்க. மற்றபடி அவர் நல்ல ராசா என்றுதான் பெயர். பிரான்சோடு பழைய பகையைத் தீர்க்க உதவினார். இந்திய வெள்ளி ரூபாயில் முடியில்லாத வெறுந்தலையோடு இருக்கிறவர் இவர்தான், உங்கள் அம்மம்மாவின் பெட்டியில் ஒன்று கிடந்தாலும் கிடக்கும்.

ஒன்பது வருடம்தான் ஆண்டார். சுருட்டை விடவில்லை. மூச்சுக்குழாய் அழற்சி வருடா வருடம் வந்து, ஒவ்வொருமுறையும் கடுமையாகியது. 1910 மே 6, அடுத்தடுத்து மாரடைப்பு. அன்று பின்னேரம் அவருடைய குதிரை ஒன்று பந்தயத்தில் வென்ற செய்தியை மகன் வந்து சொன்னார். கேட்டுச் சந்தோசப்பட்டாராம். இரவு உயிர் போனது, 68 வயது. நெஞ்சும் புகையும் சேர்ந்துதான் கொண்டுபோனது. ட்ரீவ்ஸ் எடுக்காமல் விட்ட குடல்வால் அதற்குப் பிறகு எட்டு வருடம் அவருக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காமல், அவரோடேயே விண்ட்சருக்குப் போய்ச் சேர்ந்தது.